நெறி வற்ற நாளாகும்: லைம் நோய்ச் சிகிச்சையில் பொறுமையும் எச்சரிக்கையும்

நியூ ஜெர்சி, கனெக்டிகட், பென்சில்வேனியா பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு மே மாதம் பிறந்தால் இரண்டு வேலைகள் உண்டு. ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவை விமான நிலையம் போய் அழைத்து வருவது ஒன்று. புல்வெளியில் ஆடிவிட்டு வீட்டுக்குள் வரும் பிள்ளைகளின் உடம்பில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது இன்னொன்று. இரண்டாவது வேலைதான் அடிக்கடி விட்டுப்போகும். வந்திருக்கும் தாத்தா பாட்டியின் உடம்பை யாரும் தடவிப் பார்ப்பதும் இல்லை.

அப்படி விட்டுப்போன உண்ணி ஒன்று போதும். வாரம் பத்து நாள் கழித்துக் காய்ச்சல் அடிக்கும், தலை வலிக்கும், அடித்துப் போட்டாற்போல் உடம்பு அசந்து போகும். கழுத்திலோ அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டியிருக்கும். அர்ஜென்ட் கேருக்குப் போனால் மருத்துவர் கடித்த இடத்தைப் பார்ப்பார், லைம் நோய் என்பார், டாக்ஸிசைக்ளின் எழுதிக் கொடுப்பார். அதற்குப் பிறகு வீட்டில் இரண்டு கேள்விகள் எழும். மாத்திரை தொடங்கிய மறுநாள், "கட்டி குறையாமல் இன்னும் வலிக்கிறதே, மருந்து ஒத்துக்கொள்ளவில்லையோ?" என்பது முதல் கேள்வி. மாத்திரையெல்லாம் முடிந்த பிறகு, "கட்டி இன்னும் இருக்கிறதே, இன்னொரு சுற்று மாத்திரை வேண்டுமோ?" என்பது இரண்டாவது. பெரும்பாலான நேரங்களில் இரண்டுக்கும் பதில் "இல்லை" என்பதுதான். ஏன் என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும்.

செருப்புக் கடித்துக் காலில் புண்ணானால் தொடை இடுக்கில் நெறி கட்டுவதைப் பார்க்காத தமிழர் இருக்க முடியாது. லைம் நோயில் நடப்பதும் அதே வகைதான். உடம்பில் சுமார் 600 நிணநீர்க் கணுக்கள் இருக்கின்றன. கிருமி எந்தப் பக்கத்திலிருந்து நுழைகிறதோ அந்தப் பக்கத்துக் கணு முதலில் விழித்துக்கொள்ளும், நோய் எதிர்ப்புச் செல்கள் அங்கே பெருகும், கணு வீங்கும். அந்த வீக்கம்தான் நெறி. உண்ணிக்குப் பிடித்த இடங்கள் மயிர்க்கோடு, காதுக்குப் பின்புறம், அக்குள், இடுப்புப் பட்டை அழுந்தும் இடம், தொடை இடுக்கு, முழங்காலின் பின்மடிப்பு. எனவே காதோரம் கடித்தால் கழுத்திலும், காலில் கடித்தால் தொடை இடுக்கிலும் நெறி கட்டும். எந்தப் பக்கம் வீங்கியிருக்கிறது என்பதை வைத்தே கடித்த இடத்தைத் தேடிப் பிடிக்கலாம்.

ஆனால் லைம் கிருமி இதில் ஒரு படி மேலே போகிறது. பொரேலியா பர்க்டோர்ஃபெரி என்பது அதன் பெயர். திருகு போன்ற உடலை நெளித்து நெளித்துத் திசுக்களுக்குள் நீந்திச் செல்லக்கூடியது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நிக்கோல் பாம்கார்த் குழுவினர் எலிகளை வைத்து ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட முடிவு கவனிக்கத் தக்கது. செத்த கிருமியின் துணுக்குகள் மட்டும் கணுவுக்கு வந்து சேர்வதில்லை, உயிருள்ள கிருமிகளே கணுவுக்குள் புகுகின்றன. அங்கே பி வகை வெள்ளணுக்கள் தாறுமாறாகப் பெருகி, கணுவின் உள் அமைப்பே குலைகிறது. நான்கு வருடம் கழித்து அதே குழு இன்னொன்றையும் காட்டியது: அப்படிக் குலைந்த கணுவில் நீண்டகால நினைவாற்றலுள்ள எதிர்ப்புச் சக்தி சரியாக உருவாவதில்லை. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்த முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் லைம் நோயில் நெறி ஏன் இவ்வளவு பெரிதாகக் கட்டுகிறது, ஒருமுறை வந்தவருக்கே மறுவருடம் இன்னொரு உண்ணி கடித்து ஏன் மறுபடியும் வருகிறது என்ற இரண்டுக்கும் இதில் ஒரு விளக்கம் கிடைக்கிறது.

நம்மவர்களுக்கு நெறி முக்கியமான துப்பாக இருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. லைம் என்றதும் பாடப்புத்தகங்களில் வட்டத்துக்குள் வட்டமாக ஒரு சிவப்புத் தடிப்பைக் காட்டுவார்கள். நோய் வந்தவர்களில் 70 முதல் 80 சதவீதம் பேருக்குத் தடிப்பு வரும் என்கிறது அமெரிக்க நோய்த்தடுப்பு மையம். ஆனால் பலருக்கு அது உள்வட்டம் எதுவும் இல்லாமல் ஒரே திட்டாகத்தான் பரவும். மாநிற, கறுப்புத் தோலில் சிவப்பாகக்கூடத் தெரியாது. கன்றிப்போனது போலவோ, பழுப்பாகவோ, ஊதாவாகவோ இருக்கும். "எங்கேயோ இடித்துக்கொண்டேன் போலிருக்கிறது" என்று விட்டுவிடுவோம். தலைமுடிக்குள் இருந்தால் கண்ணிலேயே படாது. ஜூன், ஜூலையில் வரும் காய்ச்சலோடு ஒரு பக்க நெறியும் சேர்ந்திருந்தால், தடிப்பு தெரியாவிட்டாலும் மருத்துவரிடம் உண்ணியைப் பற்றிப் பேச வேண்டும். முதல் சில வாரங்களில் ரத்தப் பரிசோதனை, லைம் இல்லை என்று சொல்லிவிடவும் வாய்ப்பு அதிகம். அது கிருமியைத் தேடவில்லை, உடம்பு தயாரிக்கும் எதிர்ப்பொருளைத் தேடுகிறது. எதிர்ப்பொருள் போதிய அளவு உருவாக நாளாகும்.

மாத்திரை தொடங்கிய மறுநாள்

இப்போது முதல் கேள்வி. மருந்து போட்ட 24 மணி நேரத்துக்குள் சிலருக்குக் குளிரும் நடுக்கமும் வரும், காய்ச்சல் ஏறும், தடிப்பு இன்னும் சிவக்கும், ஏற்கெனவே கட்டியிருந்த நெறி தொட்டாலே வலிக்கும். கிருமிகள் கூட்டமாகச் சாகும்போது அவற்றின் உடைசல்களைக் கண்டு உடம்பு கொதிப்பதுதான் இது. ஆஸ்திரிய மருத்துவர் அடால்ஃப் யாரிஷ் 1895இலும், ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் தோல் மருத்துவராக இருந்த கார்ல் ஹெர்க்ஸ்ஹைமர் 1902இலும் இதை எழுதி வைத்தார்கள். அன்று அவர்கள் பார்த்தது மேகநோய்க்குப் பாதரசம் கொடுத்தபோது வந்த விளைவு.  இருவர் பெயரையும் சேர்த்துத்தான் இன்றும் இந்த விளைவை அழைக்கிறார்கள். தமிழ்நாட்டு மருத்துவர்களுக்கும் இது புதிதல்ல. எலிக்காய்ச்சல் கிருமியும் இதே சுருள் வடிவக் கூட்டத்தைச் சேர்ந்தது; அதற்கு மருந்து கொடுக்கும்போதும் இந்த நடுக்கம் வருவதுண்டு.

லைம் நோயாளிகளில் ஏழில் ஒருவருக்கு இப்படி நேரலாம். ஒரு நாளில் அடங்கிவிடும். மருந்து ஒவ்வாமை என்று நினைத்து மாத்திரையை நிறுத்துவதுதான் இங்கே நடக்கும் பெரிய தப்பு. உடம்பெங்கும் அரிப்புத் தடிப்பு, முகம் உதடு வீக்கம், மூச்சுத் திணறல் என்று வந்தால்தான் அது ஒவ்வாமை. அப்போது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குளிரும் காய்ச்சலும் கூடியது மட்டும் என்றால் மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, பாரசிட்டமால் போட்டு, கஞ்சியோ ரசமோ குடித்துப் படுத்திருந்தால் போதும். இரண்டு நாள் தாண்டியும் காய்ச்சல் கொதித்தால் கதை வேறு. லைம் கிருமியைச் சுமக்கும் அதே கறுங்கால் உண்ணி பேபீசியா என்ற ஒட்டுண்ணியையும் சுமக்கும். மலேரியாபோல் ரத்தச் சிவப்பணுவுக்குள் புகும் அதற்கு டாக்ஸிசைக்ளின் கேட்காது.

ஒரு வார்த்தை இங்கே சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் லைம் நோயைச் சுற்றி ஒரு சந்தையே இருக்கிறது. மூன்றாவது மாதத்தில் வரும் அசதியையும் வலியையும்கூட "கிருமி சாகிறது, நல்ல அறிகுறி" என்று சொல்லி மூலிகைச் சொட்டு மருந்து, நிணநீர் சுத்திகரிப்புப் பானம் என்று விற்பார்கள். கிருமி சாவதால் வரும் கொதிப்பு நாள்கணக்கு, மாதக்கணக்கு அல்ல. மூன்று மாதம் கழித்தும் உடம்பு சரியில்லை என்றால் புதிதாகக் காரணம் தேட வேண்டும். அதை நல்ல அறிகுறி என்று பெயர் சூட்டி ஒத்திப்போடக் கூடாது.

வீட்டில் செய்ய வேண்டியது

வலிக்கும் நெறிக்கு வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பத்து, பதினைந்து நிமிடம் வைக்கலாம். இதமாக இருக்கும். அதற்கு மேல் எதுவும் வேண்டாம். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடுவது, எண்ணெய் தடவி உருவி விடுவது என்று நம் வீடுகளில் பழக்கம் உண்டு. சுண்ணாம்பு தோலைப் பொசுக்கும். பற்றின் நிறம் மருத்துவர் பார்க்க வேண்டிய சிவப்பை மறைக்கும். உருவி விடுவதால் நெறி கரையாது, வலிதான் கூடும். அக்குளில் கட்டியிருந்தால் இறுக்கமான ரவிக்கையும் பனியனும் ஆகாது. தொடை இடுக்கில் என்றால் ஜீன்ஸை எடுத்து வைத்துவிட்டுக் கைலியோ நைட்டியோ உடுத்துவது எவ்வளவோ மேல். வலிக்கு ஐபுபுரோஃபென் நன்றாகக் கேட்கும். ஆனால் சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண், ரத்த அழுத்த மாத்திரை என்று இருக்கும் பெரியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் டாக்ஸிசைக்ளின் தொடங்கும் அன்றே அதைச் சொல்லிவிட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் ரத்தம் அளவுக்கு மேல் நீர்த்துப்போகும்.

டாக்ஸிசைக்ளினைச் சாப்பிடுவதில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். வயிற்றைப் புரட்டும் மருந்து அது. வயிற்றைப் புரட்டினால் நாம் தேடுவது தயிர் சாதம். பாலிலும் தயிரிலும் உள்ள கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொண்டு ரத்தத்தில் சேர விடாமல் ஓரளவு தடுக்கும். இரும்புச் சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் ஆகியவை இன்னும் மோசம். இட்லியோடோ ரசம் சாதத்தோடோ மாத்திரையைப் போட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துத் தயிர் வைத்துக்கொள்ளலாம். ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் குடித்தாக வேண்டும். மாத்திரை போட்ட கையோடு படுக்கக் கூடாது. உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு அங்கே புண்ணாக்கிவிடும். அரை மணி நேரமாவது உட்கார்ந்திருங்கள். வெயிலும் ஆகாது. கறுத்த தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கையை இந்த மருந்து பொய்யாக்கிவிடும். மதிய வெயிலில் அரைக்கை சட்டையோடு நடந்தால் கை எரியும்.

இதற்கெல்லாம் மேலாக ஒரு கட்டுப்பாடு: நெறியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்காதீர்கள். கழுத்தில் ஒன்று இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் கை தானாக அங்கே போகும். அழுத்த அழுத்த வீக்கம் தணியாது. நேற்றைவிடப் பெரிதோ என்று மனமும் அலைபாயும். வாரத்துக்கு ஒருமுறை, ஒரே ஆள், ஒரே மாதிரி தொட்டு, சென்டிமீட்டர் கணக்கில் குறித்து வைத்தால் போதும். மருத்துவருக்கும் அந்தக் குறிப்பு உதவும்.

மாத்திரை முடிந்த பிறகு

அமெரிக்காவின் தொற்றுநோய், நரம்பியல், வாதநோய் மருத்துவர் சங்கங்கள் மூன்றும் சேர்ந்து 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, தடிப்போடு வரும் ஆரம்பநிலை லைம் நோய்க்குப் பெரியவர்களுக்கு 100 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின், நாளுக்கு இருவேளை, 10 நாள். அமாக்ஸிசிலின் அல்லது செஃபுராக்ஸிம் என்றால் 14 நாள். மூட்டு வீங்கும் நிலைக்குப் போய்விட்டவர்களுக்கு 28 நாள். எத்தனை நாள் மருந்து என்பதை நோயின் நிலைதான் முடிவு செய்கிறது. நெறியின் அளவு அல்ல. கிருமி ஒழிந்த பிறகும் கணுவுக்குள் பெருகிய செல்கள் கலைந்து போக நேரம் எடுக்கும். பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் நெறி சிறுத்துவிடும். சிலருக்கு அரை சென்டிமீட்டர் அளவில் வலியில்லாமல், தொட்டால் நழுவுகிற மாதிரி மாதக்கணக்கில் தங்கியிருக்கும். அதற்காக இன்னொரு சுற்று மாத்திரை கேட்பதில் பொருளில்லை. "குணமாகிவிட்டதா பார்க்கலாம்" என்று மறுபடியும் லைம் ரத்தப் பரிசோதனை செய்வதும் காசுக்குக் கேடுதான். எதிர்ப்பொருள் வருடக்கணக்கில் ரத்தத்தில் இருக்கலாம். குணமானவருக்கும் பாசிட்டிவ் என்றே வரலாம்.

நீண்டகால ஆன்டிபயாடிக் விவகாரத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. கனெக்டிகட்டின் லைம் என்ற ஊரில் வசித்த பாலி மரே என்ற ஓவியருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் வருடக்கணக்கில் காய்ச்சலும் தடிப்பும் மூட்டு வீக்கமும் மாறி மாறி வந்தன. மருத்துவர்கள் சிலர் அவருக்கு மனநோய் என்றே சொன்னார்கள். அவர் விடவில்லை. அக்கம்பக்கத்தில் யார் யாருக்கு இப்படி வந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டு 1975இல் மாநிலச் சுகாதாரத் துறைக்குப் போனார். யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஸ்டீர் அங்கே வந்து ஆராய்ந்தார். நியூயார்க்கின் ஷெல்டர் தீவிலிருந்து வந்த உண்ணிகளின் குடலுக்குள் அந்தச் சுருள் கிருமியை 1981இல் வில்லி பர்க்டோர்ஃபர் கண்டுபிடித்தார். ஒரு தாயின் பேச்சை மருத்துவ உலகம் காதில் போட்டுக்கொள்ளாத கதையிலிருந்துதான் இந்த நோயின் பெயரே வந்தது. மருத்துவர்கள் மீது நோயாளிகளுக்கு இன்றும் இருக்கும் அவநம்பிக்கைக்கு இதில் ஒரு வேர் இருக்கிறது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். சிகிச்சைக்குப் பிறகும் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு அசதியும் வலியும் மறதியும் மாதக்கணக்கில் நீடிக்கின்றன. அது உண்மையான அவதி. ஆனால் அவர்களுக்கு மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் நிலைத்த பலன் எதுவும் தெரியவில்லை. அமெரிக்க அரசு நிதியில் நடந்தவையும் சரி, 2016இல் முடிவு வெளியான நெதர்லாந்துச் சோதனையும் சரி, அதையே காட்டின. கையில் ஊசிக் குழாய் பொருத்தி மாதக்கணக்கில் மருந்து ஏற்றியதில் ரத்தத் தொற்று வந்து உயிர் போனவர்களும் உண்டு.

பொறுத்திருக்கக் கூடாத நெறிகளும் இருக்கின்றன. காறை எலும்புக்கு மேலே, கழுத்தடிக் குழியில் கட்டி தென்பட்டால் ஒரு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். வலியே இல்லாமல், கெட்டியாக, அசைத்தால் அசையாமல் இருப்பது, இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டி வளர்ந்துகொண்டே போவது, நான்கு வாரம் கடந்தும் சிறிதும் குறையாதது, இரவில் துணி நனைய வியர்ப்பதும் எடை குறைவதும் கூடவே இருப்பது, தோல் சிவந்து உள்ளே சீழ் தளும்புவது ஆகிய எதுவாக இருந்தாலும் ஸ்கேன் எடுத்து, தேவைப்பட்டால் ஊசி வைத்தோ சிறு துண்டு எடுத்தோ பார்க்க வேண்டும். "ஏற்கெனவே லைம் இருக்கிறதே, அதனால்தான்" என்று எல்லாவற்றையும் அதன் கணக்கில் எழுதுவது ஆபத்து. லைம் நோயிலேயே அவசரச் சிகிச்சைக்கு ஓட வேண்டிய நேரங்களும் உண்டு: முகத்தின் ஒரு பக்கம் கோணுவது, கழுத்து விறைத்துக் கடும் தலைவலி வருவது, படபடப்போடு மயக்கம் வருவது. கடைசியாகச் சொன்னது கிருமி இதயத்தைத் தொட்டுவிட்டதன் அடையாளமாக இருக்கலாம்.

உண்ணியைக் கண்ட உடனே எடுத்துவிட்டால் இத்தனை பாடும் இல்லை. இளம் உண்ணி கசகசா அளவுதான் இருக்கும். அமெரிக்கக் கறுங்கால் உண்ணி பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் லைம் கிருமியைக் கடத்தும். அட்டைக்குச் செய்வதுபோல் உப்பும் எண்ணெயும் போடுவதோ தீக்குச்சியால் சுடுவதோ கூடாது. கூர்முனை ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து நேர் மேலே இழுத்து எடுக்க வேண்டும். லைம் பரவியிருக்கும் பகுதியாகவும், கடித்தது கறுங்கால் உண்ணியாகவும் இருந்தால், எடுத்த 72 மணி நேரத்துக்குள் 200 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின் ஒரே வேளை கொடுத்து நோய் வராமலே தடுப்பதும் உண்டு.

விசா முடிந்து ஊர் திரும்பும் பெற்றோருக்கு ஒரு தனிச் சிக்கல். கடித்து 3 முதல் 30 நாளுக்குள் அறிகுறி தெரியும். கடி அமெரிக்காவில், காய்ச்சல் மதுரையில் என்று ஆகலாம். முழங்கால் வீக்கமோ மாதங்கள் கழித்துக்கூட வரும். மதுரை மருத்துவர் நெறியையும் காய்ச்சலையும் பார்த்தால் ஸ்க்ரப் டைபஸை நினைப்பார், காசநோயை நினைப்பார். நம் ஊருக்கு அதுதான் நியாயம். நம் பத்திரிகைகள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதும் ஸ்க்ரப் டைபஸ் வேறு நோய். பரப்பும் பூச்சி வேறு, கிருமியும் வேறு. மருந்து மட்டும் அதே டாக்ஸிசைக்ளின், நாள்கணக்கு வித்தியாசப்படும். இதற்கு நேர்மாறாக, லைம் சிகிச்சைக்குப் பிறகும் வற்றாத கழுத்துக் கட்டியைப் பார்க்கும் அமெரிக்க மருத்துவருக்குக் காசநோய் சட்டென்று நினைவுக்கு வராமல் போகலாம். இந்தியாவில் வளர்ந்தவர்களுக்குக் கழுத்து நெறியில் காசநோய் வருவது அரிதல்ல.

ஆகவே இரண்டு இடத்திலும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அமெரிக்க மருத்துவரிடம், பிறந்து வளர்ந்தது இந்தியாவில், வீட்டில் இன்னாருக்குக் காசநோய் இருந்தது என்று சொல்லுங்கள். ஊர் மருத்துவரிடம், நியூ ஜெர்சியில் இந்த மாதம் முதல் இந்த மாதம் வரை இருந்தேன், புல்வெளியில் நடந்தேன், உண்ணி கடித்திருக்கலாம் என்று சொல்லுங்கள். என்ன மாத்திரை, எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடித்தீர்கள் என்று எழுதிய சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.